வெள்ளை அணுக்கள் குறையும் நாட்களில்

(பங்கின் பொன்விழாவை முன்னிட்டு, பிப்ரவரி 11 நோயாளர் தினத்தன்று மாலைத் திருப்பலிக்குப் பின், வின்சென்ட் தே பவுல் சபையார், மரியாயின் சேனையார், அன்பியப் பொறுப்பாளர்கள் முன்னிலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா ஆண்டிலே பங்குச் சாமியார் பேச எழுந்தால் கோயில் கட்டிய கதை, மணிக்கூண்டு எழுப்பிய கதை, முன்னிருந்த குருக்களின் அருமை பெருமை இவற்றைத்தான் எதிர்பார்ப்பீர்கள். அவையெல்லாம் விழா மலரில் விரிவாக வரவிருக்கின்றன. நான் இன்று இரத்தத்தைப் பற்றி, அதிலும் வெள்ளை அணுக்களைப் பற்றிப் பேசப் போகிறேன். "சாமிக்கு ஏன் இந்த வேலை?" என்று கடைசி வரிசையில் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. காரணம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் வேறொரு பங்கில் பணியாற்றினேன். அங்கே உபதேசியாரின் மனைவிக்குப் புற்றுநோய். வெளியூர் மருத்துவமனையில் மருந்தேற்றி வந்தார்கள். கீமோ என்று நாம் இன்று எல்லோரும் சொல்கிறோமே, அதுதான். திருநாளுக்கு முந்தின இரவு சப்பரம் சுற்றி வந்து கோயில் வாசலில் நின்ற நேரம். பத்தரை மணியிருக்கும். உபதேசியார் என்னைத் தனியே அழைத்தார். "சாமி, அவளுக்கு உடம்பு கொதிக்குது. மருந்து ஏத்தி பத்து நாளாச்சு. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணுமா, விடிஞ்சு போகலாமா?" என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு பாரசிட்டமால் கொடுத்துப் படுக்க வையுங்கள். காலையில் திருநாள் பூசை முடிந்ததும் வண்டி ஏற்பாடு செய்கிறேன்" என்றேன்.

மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது. அவரும் தூங்கினார், நானும் தூங்கினேன். விடியற்காலை நாலரை மணிக்கு அந்த அம்மாளுக்குக் கைகால் சில்லிட்டுப் பேச்சுக் குழறியது. மருத்துவமனையில் சேர்த்தபோது இரத்த அழுத்தம் விழுந்திருந்தது. மறுநாள் இறந்தார்கள். அடக்கத் திருப்பலி நிறைவேற்றியவன் நானே. அவர்களுடைய உயிரைக் கொண்டுபோனது புற்றுநோய் அன்று. அது மருந்துக்குக் கட்டுப்பட்டு வந்தது என்று மருத்துவர் பிறகு சொன்னார். உபதேசியார் என்மீது ஒரு சொல்லும் சொல்லவில்லை. "சாமி நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றார். அந்த வார்த்தை இன்னும் என்னோடு இருக்கிறது.

ஆகவே நான் மருத்துவன் என்ற உரிமையில் பேசவில்லை. தெரியாமல் யோசனை சொன்னவன் என்ற முறையில் பேசுகிறேன். பின்னாளில் என் சொந்த அக்காளுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, ஆயரிடம் விடுப்புக் கேட்டு ஒவ்வொரு தடவையும் நானே துணைக்கு இருந்தேன். அப்போது மருத்துவர்களும் செவிலியர்களும் பொறுமையாகச் சொல்லித் தந்தவைதாம் இனி நான் சொல்லப்போகிறவை.

நம் எலும்புகளின் உள்ளே இருக்கும் மஜ்ஜைதான் இரத்தத்தின் பிறப்பிடம். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு ஆகிய மூன்றும் அங்கேயே பிறக்கின்றன. வெள்ளை அணுக்களில் பல வகை உண்டு. கிருமி நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடிச்சென்று அதை விழுங்கிச் சாகிற வகைக்கு நியூட்ரோபில் என்று பெயர். சாயம் தோய்த்துப் பார்த்தபோது அமிலச் சாயத்தையும் காரச் சாயத்தையும் தனித்துச் சாராமல் நின்றதால் இப்பெயர் வந்தது. எங்களுக்குக் குருமடத்தில் இலத்தீன் கற்பித்த சாமியார் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். பெயரிட்டவர் ஜெர்மானிய அறிஞர் பவுல் எர்லிக். கீமோதெரபி என்ற சொல்லை உண்டாக்கியவரும் அவரே.

இந்த நியூட்ரோபில்களுக்கு ஆயுசு மிகக் குறைவு. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். இவை இரத்தத்தில் சுற்றுவது சில மணி நேரம், மிஞ்சினால் ஒரு நாளுக்குச் சற்று மேல். ஆகையால் மஜ்ஜை ஓயாமல் புதியவற்றைப் பிறப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல உடம்பில் ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி பிறக்கின்றனவாம்!

புற்றுநோய் மருந்து எதைத் தாக்குகிறது? வேகமாகப் பெருகும் அணுக்களைத் தாக்குகிறது. புற்றணு அப்படிப்பட்டது. ஆனால் தலைமுடியின் வேரும், வாயின் உட்தோலும், குடலின் உட்பூச்சும், எலும்பு மஜ்ஜையும் அப்படிப்பட்டவையே. மருந்து இரண்டையும் பிரித்தறிவதில்லை. எனவேதான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, வெள்ளையணு குறைகிறது. முடி கொட்டுவது கண்ணுக்குத் தெரியும், வீடே அழும். வெள்ளையணு குறைவது யாருக்கும் தெரியாது. அதற்கென்று வலியும் இல்லை, அடையாளமும் இல்லை.

இதில் ஒரு விசித்திரமான வரலாறு உண்டு. இத்தாலியில் பாரி என்றொரு துறைமுக நகர். புனித நிக்கோலாசின் திருப்பண்டங்கள் 1087 முதல் அங்கேதான் இருக்கின்றன. இரண்டாம் உலகப்போரில், 1943 டிசம்பர் 2 இரவு, ஜெர்மன் விமானங்கள் அத்துறைமுகத்தில் குண்டு வீசின. நின்றிருந்த கப்பல்களில் ஜான் ஹார்வி என்ற அமெரிக்கக் கப்பலில் கடுகு வாயுக் குண்டுகள் இரகசியமாக வைக்கப்பட்டிருந்தன. (நம் வீட்டுத் தாளிப்புக் கடுகுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வாடையால் வந்த பெயர்.) கடலில் விழுந்து தப்பியவர்கள் அந்த நஞ்சில் ஊறினார்கள். அவர்களைச் சோதித்த அமெரிக்க இராணுவ மருத்துவர் ஸ்டூவர்ட் அலெக்சாண்டர், பலருடைய வெள்ளை அணுக்கள் அதலபாதாளத்துக்கு விழுந்திருந்ததைக் குறித்து வைத்தார். அதற்கு முந்தின ஆண்டே அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் கில்மன், குட்மன் என்ற இருவர் இதே குடும்பத்து மருந்தொன்றை நிணநீர்ப் புற்றுநோயாளி ஒருவருக்கு இரகசியமாகக் கொடுத்துப் பார்த்திருந்தனர். போர் முடிந்து 1946-இல்தான் அது வெளிவந்தது. வெள்ளை அணுவை அழிக்கும் நஞ்சு, வெள்ளை அணுக்கள் சார்ந்த புற்றுநோயையும் அழிக்குமல்லவா என்பதே அவர்களுடைய எண்ணம். என் அக்காளுக்கு ஏற்றிய சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்து அந்தக் குடும்பத்தின் வழித்தோன்றலே. ஆகவே வெள்ளையணு குறைவதை ஏதோ மருத்துவர் தவறால் வந்த கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். அது இம்மருந்துகளின் பிறவிக்குணம்.

இனி நாள்கணக்கைக் கவனியுங்கள். பல மருந்துகளில், ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளையணு மிகவும் கீழே இருக்கும். பிறகு மெல்ல ஏறி, மூன்றாம் நான்காம் வாரத்தில் பழைய நிலைக்கு வரும். 21 நாளைக்கு ஒரு முறை வரச் சொல்வது பெரும்பாலும் இதற்காகத்தான். மருந்துக்கு மருந்து இக்கணக்கு மாறும். உங்கள் மருந்துக்கு எது என்று கேட்டு, வீட்டுக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள். என் அக்காள் வீட்டில் மாதா படம் போட்ட காலண்டரில் அப்படித்தான் செய்தோம்.

பரிசோதனைச் சீட்டையும் படிக்கப் பழகுங்கள். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் வெள்ளையணு மொத்தம் 4,000 முதல் 11,000 வரை இருப்பது வழக்கம். மொத்தக் கணக்கைவிட முக்கியமானது நியூட்ரோபில் கணக்கு. அக்காளின் சீட்டில் ஒரு முறை மொத்தம் 1,800, நியூட்ரோபில் 22 விழுக்காடு என்றிருந்தது. பெருக்கி நூறால் வகுத்தால் 396. 1,500-க்குக் கீழே போனால் குறைவு, 500-க்குக் கீழே போனால் ஆபத்தான குறைவு என்பார்கள். அன்று அக்காள் என்னைப் பார்த்து, "தம்பி, எனக்கு ஒண்ணும் பண்ணலையே, நல்லாத்தானே இருக்கேன்" என்றாள். உண்மைதான். நன்றாகத்தான் இருந்தாள். காவலர் இல்லாத ஊரும் திருடன் வருகிறவரை நன்றாகத்தான் இருக்கும்.

இப்போது நான் சொல்வதை மட்டுமாவது மறந்துவிடாதீர்கள். மருந்தேற்றிக்கொண்டிருப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் அது சாதாரணக் காய்ச்சல் அன்று. வெப்பமானியில் ஒரு தடவை 101 டிகிரி காட்டினாலோ, 100.4 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலோ, அது நெருக்கடி. பல மருத்துவமனைகள் 100.4 வந்தவுடனேயே அழைக்கச் சொல்லும். அப்படிச் சொன்னால் அதன்படியே செய்யுங்கள். உள்ளங்கையால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போதாது. நடுக்கம், குளிர், மூச்சுத் திணறல், மயக்கம், பேச்சுக் குழறல் இருந்தால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் புறப்பட்டுவிட வேண்டும். வயதானவர்களுக்கும் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும் காய்ச்சல் தலைகாட்டாமலே கிருமி பரவக்கூடும்.

மருத்துவரைக் கேட்காமல் பாரசிட்டமால் கொடுக்காதீர்கள். அது கிருமியைக் கொல்லாது, காய்ச்சலை மறைத்துவிடும். இருந்த ஒரே எச்சரிக்கை மணியை அன்று நான்தான் நிறுத்தினேன். சீழ் இல்லை, சளி இல்லை, வீக்கம் இல்லை, ஆகவே பயமில்லை என்றும் எண்ணாதீர்கள். சீழ் என்பதே பெரும்பாலும் இறந்த வெள்ளை அணுக்கள்தாம். அவை இல்லாத உடம்பில் சீழ் எங்கிருந்து வரும்?

அவசரப் பிரிவு வாசலில் போய் "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைப்பார்கள். "இவர் கீமோ ஏற்றுகிறவர், இன்றைக்குப் பத்தாவது நாள், காய்ச்சல் 101" என்று சொல்லுங்கள். மருந்துச் சீட்டுகளைக் காட்டுங்கள். இரத்தம் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாகக் கிருமிக்கொல்லி மருந்தை ஏற்றத் தொடங்க வேண்டும் என்பது இன்றைய மருத்துவ நெறி. பரிசோதனை முடிவு வரும் வரை காத்திருப்பதில்லை. அவ்வளவு அவசரம். இரவு நேரத்தில் எந்த மருத்துவமனைக்குப் போவது, எந்த எண்ணுக்குப் பேசுவது என்பதை மருந்தேற்றும் அன்றே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அக்காள் வீட்டில் ஒரு துணிப்பை எப்போதும் கதவோரம் தொங்கும். அதில் சீட்டுகள், வெப்பமானி, மாற்றுச் சேலை, கொஞ்சம் பணம், ஒரு செபமாலை. மூன்றாவது தடவை மருந்தேற்றியபின் ஒரு நாள் இரவு ஒன்றேகாலுக்கு அந்தப் பை பயன்பட்டது. ஆறு நாள் படுக்கையில் இருந்து வீடு திரும்பினாள்.

"எந்த வீட்டுத் தண்ணீரைக் குடித்தாள், யார் வந்து தொட்டார்கள்?" என்று குடும்பத்தில் விசாரணை வேண்டாம். இந்தக் கிருமிகளில் பெரும்பாலானவை நோயாளியின் சொந்த வாயிலும் குடலிலும் தோலிலும் முன்பே குடியிருப்பவை. யார்மீதும் பழி போட இடமில்லை. ஆனால் வெளியிலிருந்து வருவதைத் தடுப்பது நம் கையில் இருக்கிறது. கைகழுவுதல்தான் அதில் தலையாயது. சோப்புப் போட்டு, விரலிடுக்குகளையும் தேய்த்து, நோயாளியும், சமைப்பவரும், பார்க்க வருபவரும் கழுவ வேண்டும். வேப்பங்குச்சியால் பல் துலக்கும் பழக்கத்தைக் கொஞ்ச நாள் விட்டு மிருதுவான பிரஷ் வைத்துக்கொள்ளட்டும். ஈறு கிழிந்தால் கிருமிக்கு வாசல் திறந்த மாதிரி. ஆசனவாய் வழி மருந்து, எனிமா, அங்கே வெப்பமானி வைத்துப் பார்ப்பது இவை கூடாது. அம்மை போட்டவர் அருகில் இருந்துவிட்டால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் ஊர் யோசனைகளுக்குக் குறைவே இல்லை. அக்காளைப் பார்க்க வந்தவர்களில் பப்பாளி இலைச்சாறு சொன்னவர்கள் உண்டு, மாதுளை சொன்னவர்கள் உண்டு, ஆட்டு இரத்தப் பொரியல் தூக்குவாளியில் கொண்டுவந்தவரும் உண்டு. அன்பால் செய்ததுதான். ஆனால் நியூட்ரோபிலைக் கூட்டும் என்று நிரூபிக்கப்பட்ட உணவு எதுவும் கிடையாது. பச்சையாக அரைத்துப் பிழிந்த சாறு கிருமியைக் கொண்டுவந்து சேர்க்கும். ஆட்டுக்கால் சூப் கொதிக்கக் கொதிக்கக் கொடுப்பதில் தவறில்லை, உடம்புக்குத் தெம்பு. ஆனால் எலும்பு சூப் குடித்தால் எலும்பு மஜ்ஜை ஊறும் என்ற கணக்கு மருத்துவத்தில் இல்லை. பச்சைக் காய்கனிகளை அறவே விலக்க வேண்டும் என்று முன்பு கண்டிப்பாகச் சொல்வார்கள். அதனால் தனிப் பலன் இல்லை என்று பிற்கால ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. சுத்தம்தான் முக்கியம். அன்றன்று சமைத்துச் சூடாகச் சாப்பிடட்டும், கொதித்து ஆறிய நீர் குடிக்கட்டும், பழத்தைக் கழுவித் தோலுரித்துத் தின்னட்டும். பழைய சோறும், தெருவோரக் கரும்புச்சாறும், கடைச் சட்டினியும் சில மாதம் பொறுத்துக்கொள்ளலாம்.

நம் கோயில் சம்பந்தப்பட்டவற்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வாசலில் இருக்கும் தீர்த்தத் தொட்டியில் எத்தனை கை நனைகிறது! அந்த வாரங்களில் நோயாளி அதில் கை வைக்க வேண்டாம், பாடுபட்ட சுரூபத்தை முத்தி செய்ய வேண்டாம். தலைகுனிந்து வணங்கினாலே போதும். விழாவுக்காகக் கோயிலில் பழைய பூச்சைச் சுரண்டிக்கொண்டிருக்கிறோம் அல்லவா? அந்தத் தூசியில் இருக்கும் பூஞ்சை நுரையீரலில் இறங்கும். வேலை முடியும் வரை நோயாளிகள் உள்ளே வரவேண்டாம், நான் நற்கருணையை வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். வந்தவுடன் என்னைக் கைகழுவச் சொல்ல யாரும் கூச்சப்படக் கூடாது. எனக்குச் சளி இருந்தால் வேறொருவரை அனுப்புவேன். படுக்கையருகே பூச்சாடி வேண்டாம், நாட்பட்ட நீரில் கிருமி வளரும். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர உபவாசம் நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் கட்டாயமில்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 919-ஆம் எண்ணில் இதைத் தெளிவாகச் சொல்கிறது.

நேர்ச்சையைப் பற்றி ஒரு வார்த்தை. சென்ற ஆண்டு ஆகஸ்டில் ஒரு தாய், மருந்தேற்றிப் பதினோராம் நாளில், காவியுடுத்து வெறுங்காலோடு வேளாங்கண்ணிக்கு நடக்கப் புறப்பட்டார். கொடியேற்றத்துக்கு வருவதாக மாதாவிடம் நேர்ந்திருந்தாராம். தெருமுனையில் மறித்தேன். கோபித்துக்கொண்டார். தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து தக்க காரணத்துக்காக விடுவிக்கப் பங்குக்குருவுக்கு அதிகாரம் உண்டு. 1196-ஆம் எண். அந்த அதிகாரத்தைத் தெருவில் வைத்தே பயன்படுத்தினேன். சிகிச்சை முடிந்தபின் பேருந்தில் போய் வந்தார். மொட்டை நேர்ச்சையும் அப்படியே. சவரக்கத்திக் கீறல் சின்னது என்று நினைக்காதீர்கள்.

வெள்ளையணுவைக் கூட்ட ஊசி உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. மஜ்ஜையைத் தூண்டும் பொருள்களைத் தேடி ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரில் டொனால்டு மெட்காப் என்ற அறிஞர் 1960-களிலிருந்து பல பத்தாண்டுகள் உழைத்தார். மற்றும் பலரும் உழைத்தார்கள். அதன் பலனாகிய பில்கிராஸ்டிம் என்ற ஊசிமருந்து 1991-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நாள்தோறும் போடுவது ஒரு வகை. ஒரு சுற்றுக்கு ஒரே தடவை போடும் வகை 2002-இல் வந்தது. இன்று நம் நாட்டிலேயே தயாராகிறது. மருந்தேற்றி 24 மணி நேரமாவது கழித்துத்தான் போடுவார்கள். இடுப்பெலும்பும் முதுகெலும்பும் வலிக்கும். மஜ்ஜை வேலை செய்வதால் வரும் வலி அது. மருத்துவரிடம் சொன்னால் வழி சொல்வார். எல்லோருக்கும் இந்த ஊசி தேவைப்படாது. "பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் போட்டார்கள், எங்களுக்கு ஏன் போடவில்லை?" என்று சண்டைக்குப் போகாதீர்கள். மருந்தின் வீரியம், வயது, முன்பு காய்ச்சல் வந்ததா என்பவற்றைப் பார்த்து முடிவு செய்வார்கள்.

கணக்குக் குறைவாக இருந்தால் அடுத்த சுற்றை ஒரு வாரம் தள்ளி வைப்பார்கள், அல்லது அளவைக் குறைப்பார்கள். அக்காளுக்கு ஒரு தடவை தள்ளியபோது, நோய் முற்றிவிட்டது, நம்மைக் கைவிட்டுவிட்டார்கள் என்று அத்தானே அழுதுவிட்டார். அப்படி அன்று. மஜ்ஜைக்கு மூச்சுவிட அவகாசம் தருகிறார்கள், அவ்வளவுதான்.

இளைஞர் மன்றத்தார் நல்ல மனதோடு, "சாமி, வெள்ளையணுவுக்கு நாங்கள் இரத்தம் தருகிறோம்" என்று வந்தார்கள். சிவப்பணுவுக்கும் தட்டணுவுக்கும் உங்கள் இரத்தம் நிச்சயம் வேண்டும், தொடர்ந்து கொடுங்கள். வெள்ளையணுவை அப்படிச் சேமித்து வைக்க முடியாது, அதன் ஆயுசு அவ்வளவு குறைவு. மிக அபூர்வமாகத்தான் அதை ஏற்றுகிறார்கள். உங்களிடம் நான் கேட்பது வேறு. இரவில் வண்டி ஓட்ட ஆள் வேண்டும். 108-க்கு அழைக்கலாம்தான். ஆனால் கூடப் போக, வாசலில் பேச, சீட்டைக் காட்ட ஒருவர் வேண்டும். அன்பியத்துக்கு இருவர் வீதம் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். பட்டியல் பங்கு இல்லக் கதவில் ஒட்டியிருக்கிறது. என் அறை மணியை எந்த நேரத்திலும் அடிக்கலாம். திருநாள் இரவாக இருந்தாலும் அடிக்கலாம்.

விழாச் செலவில் மிச்சம் பிடித்து வின்சென்ட் தே பவுல் சபையார் டிஜிட்டல் வெப்பமானிகள் வாங்கியிருக்கிறார்கள். மருந்தேற்றுகிறவர்கள் இருக்கும் வீடுகளுக்கு இலவசம். இப்போது வெளியே போகும்போது கோயில்பிள்ளையிடம் பெயரைச் சொல்லிப் பெற்றுக்கொள்ளுங்கள். பாட்டரி வேலை செய்கிறதா என்று அங்கேயே ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள்.